மிச்சக் காற்று

“இன்னும் இறுக்கு.”

தனுசியா முடிச்சை அவிழ்த்தாள். பழைய சாரத்தில் கிழித்த துணி அது. மறுபடி அவன் நெற்றியைச் சுற்றி எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு, மற்றதை இரண்டு கையாலும் இழுத்தாள். துணி தோலுக்குள் இறங்கியது.

“இன்னும்.”

“இதுக்கு மேலை இறுக்கினால் வெடிக்கும்.”

“வெடிக்கட்டும். வெடிச்சாலாவது உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்கலாம்.”

கட்டி முடித்ததும் ஜெனிஸ்ரன் சுவர்ப்பக்கம் திரும்பி நெற்றியைச் சீமெந்தில் வைத்து அழுத்திக்கொண்டான். யன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டிருந்தது. போர்வையின் ஓரத்தால் பின்னேர வெயில் ஒரு கோடாக உள்ளே வந்தது. அவள் போய் அதையும் மூடினாள். வாளியைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்து வைத்தாள். சில நாள் சத்தி எடுப்பான்.

குசினியில் மகள் பானை மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல வைத்தாள். எட்டு வயது. சத்தமில்லாமல் பானை மூடவும், கதிரையை இழுக்காமல் தூக்கி நகர்த்தவும் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நாடகக் கதையைத் தானே கட்டிச் சொல்வாள். அந்தக் கதைதான் நல்லாயிருக்கிறதென்று அவளுடைய சிநேகிதிகள் சொன்னார்களாம்.

ஜெனிஸ்ரன் சுழியோடி. குருநகரிலிருந்து கனிசியஸ் சம்மாட்டியின் படகில் போய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு எட்டு, பத்துப் பாக ஆழத்தில் கடலட்டையும் சங்கும் பொறுக்குகிறவன். விடியப் போனால் மத்தியானம் கழிய வருவான். கரையில் கால் வைத்துக் குளித்துச் சாப்பிட உட்காரும்போது பிடரியில் தலையிடி தொடங்கும். பிறகு ஏறும். “உள்ளுக்கை ஆரோ கதவைத் தட்டுறாங்கள்” என்று முதலில் சொன்னான். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. துணியை எடுத்து நீட்டுவான்.

போன வருஷம் ஆவணி மட்டில் தொடங்கியது. தனுசியா அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்கென்று போனது மகளைப் பெறுவதற்கு மட்டுந்தான். இப்போது எந்தக் கிளினிக்கில் எந்த வாங்கு ஆடும், எந்த மின்விசிறி சுற்றாது, எந்த நேர்ஸ் மிஸ்ஸிடம் இரண்டாந்தரம் கேட்டால் ஏச்சு விழும் என்பதெல்லாம் தெரியும். முதலில் பிறஷர் பார்த்தார்கள். பிறகு இரத்தம். ஒவ்வொரு இடத்திலும் என்ன தொழில் என்று கேட்டார்கள். கடல்தொழில் என்றான். அந்தக் கரையில் எல்லோரும் சொல்வது அதுதான். வலை இழுப்பவனும் கடல்தொழில், நண்டுக்கூடு வைப்பவனும் கடல்தொழில், இயந்திரம் திருத்துகிறவன்கூடச் சிலவேளை அப்படித்தான் சொல்வான். வெயிலில் நிற்கிறவர்களுக்குத் தலையிடி வரும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்கள். குடித்தான்.

கண் டொக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தபோது தாய் லூர்த்தம்மா பார்த்துவிட்டு, “ஐயோ, பள்ளிக்கூடத்து வாத்தியார் போலக் கிடக்கு. இனி மீனெல்லாம் எழும்பி நிண்டு வணக்கம் சொல்லும்” என்றாள். கார்த்திகை மழை பிடித்தது. கடல் கொந்தளித்து இரண்டு கிழமைக்கு மேல் படகு இறங்கவில்லை. அந்த நாட்களில் தலையிடி இல்லை. கண்ணாடிதான் வேலை செய்கிறதென்று எல்லோருக்கும் சொன்னார்கள். மழை விட்டது. தலையிடி திரும்பி வந்தது. கண்ணாடியின் நம்பர் சரியில்லை என்று நினைத்தார்கள். மறுபடி கண் கிளினிக்.

அச்சுவேலியில் ஒரு பரியாரியார் மூக்கடைப்புப் பீனிசம் என்றார். நொச்சியிலை அவித்து ஆவி பிடிக்கச் சொன்னார். அவன் போர்வைக்குள்ளிருந்து வேர்த்து ஒழுகி வெளியே வந்து, “இது தலையிடியைவிடப் பரவாயில்லை” என்றான். அவ்வளவுதான்.

தை மாதம் சீ.ரி. ஸ்கான் எடுத்தார்கள். நாள் கிடைக்கவே நெடுங்காலம் காத்திருந்தார்கள். அந்தக் காலமெல்லாம் தனுசியா இரண்டு விதமாக வேண்டிக்கொண்டாள். காலையில், ஒன்றும் இருக்கக்கூடாது என்று. பின்னேரம் துணியை இறுக்கிக் கட்டும்போது, ஏதாவது இருக்கட்டும், பெயர் சொல்லக்கூடிய ஏதாவது, என்று. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்டுமில்லை. எல்லாம் நல்லாயிருக்கு. சந்தோசமாப் போட்டு வாங்கோ” என்றார்.

வெளியே வாங்கில் இருந்த முன்பின் தெரியாத கிழவி ஒருத்தி, “என்ன பிள்ளை சொன்னவை?” என்று கேட்டாள்.

“ஒண்டுமில்லையாம்.”

“புண்ணியம் செய்தனீ.”

“ஓம்” என்றாள் தனுசியா.

பஸ்ஸில் ஜெனிஸ்ரன் கேட்டான்: “அப்ப நான் நடிக்கிறன் எண்டு நினைக்கினமோ?” அவள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தமுறை மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக்கொடுத்தபோது அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து தாயிடம் காட்டினான். “எனக்கு விசராம், அம்மா.”

“விசருக்குத் தலையிடிக்குமெண்டால் உன்ரை கொப்பர் ஆயுள் முழுக்கத் தலையைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கோணும்” என்றாள் லூர்த்தம்மா. துண்டு அப்படியே சட்டையோடு தோய்ந்து போனது.

தனுசியா நண்டுச் சதை எடுக்கும் கொம்பனியில் வேலை செய்கிறாள். அவித்த நண்டை உடைத்து, சதையைப் பிரித்து, அதற்குள் ஒரு ஓட்டுத்துண்டும் இல்லாமல் விரலால் தடவிப் பார்க்கவேண்டும். நின்றபடி செய்கிற வேலை. குளிர் அறை. கிளினிக் நாட்களில் வேலைக்குப் போக முடியாது. பக்கத்து மேசை றஜிதா அவளுக்காகப் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். “உனக்குக் காய்ச்சல் எண்டன், வயித்துக்குத்து எண்டன், இனி நீ செத்துப்போனாய் எண்டு சொன்னால்தான் ஒரு நாள் லீவு தருவினம்.” தனுசியா சிரித்தாள். சிரிக்கும்போதும் விரல் சதைக்குள் ஓட்டைத் தேடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அவன் தலையைப் பிடித்துவிடும்போதும் விரல் அப்படியே தேடும். மயிருக்குள், பிடரி எலும்பின் கீழே. ஏதாவது தட்டுப்படும் என்பதைப்போல.

இந்த வருஷப் பெரிய கிழமையில் தலையிடி நின்றது.

குருத்து ஞாயிறு கழிந்து செவ்வாய்க்கிழமைதான் கவனித்தார்கள். அவன் பின்னேரம் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து மகளுக்குப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தான். யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. சொன்னால் போய்விடும் என்ற பயம். பெரிய வெள்ளியன்று கொளுத்துகிற வெயிலில் சிலுவைப்பாதை முழுதும் வெறுங்காலோடு நடந்தான். பதினான்காம் ஸ்தலத்தில் லூர்த்தம்மா முழங்காலில் விழுந்து அழுதாள். அந்தோனியாருக்கு வெள்ளியில் ஒரு தலை செய்து வைப்பதாக ஏற்கெனவே நேர்ந்திருந்தாள். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் கொண்டுபோய் வைத்தார்கள். சின்னத் தலை, மூக்கும் வாயும் அவ்வளவு தெளிவில்லை. “உன்னைப் போலத்தான் இருக்கு” என்று தனுசியா சொன்னாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து நெடுநாள்.

திங்கட்கிழமை படகுகள் இறங்கின. பின்னேரம் அவன் துணியை எடுத்து நீட்டினான்.

லூர்த்தம்மா அடுப்படியில் நின்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மருமகளைக் கூப்பிட்டாள்.

“பெரிய சனிக்கிழமை எங்கை போனனீ?”

“கொம்பனிக்கு, மாமி.”

“கர்த்தர் கல்லறைக்கை கிடக்கேக்கை நீ நண்டு உடைச்சனீ.”

“வராட்டி நிப்பாட்டிப்போடுவம் எண்டவை.”

“கடலே சும்மா கிடந்தது. ஊரே சும்மா கிடந்தது. உனக்கு மட்டும் கை சும்மா கிடக்கேலாமல் போச்சு. அந்தோனியார் தந்ததை நீ உடைச்சுப்போட்டாய்.”

 அப்படியும் இருக்கலாம் என்று தனுசியாவுக்குப் பட்டது. டொக்டர்மார் சொன்ன காரணங்களைவிட இது மோசமான காரணமில்லை. மற்ற எல்லோரும் ஒன்றுமில்லை என்றார்கள். மாமி ஒருத்திதான் ஏதோ இருக்கிறதென்று சொன்னாள். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்ச் சொன்னாள். மறுபக்கத்திலிருந்து ஃபாதர் சொன்னார்: “நீர் நண்டு உடைச்சதுக்கு ஆண்டவர் உம்மடை மனிசன்ரை தலையிலை அடிக்கமாட்டார், பிள்ளை. நீர் போய்க் கொஞ்சம் நித்திரை கொள்ளும்.” அது பாவத்துக்கு விதித்த தண்டனையா வெறும் புத்திமதியா என்று அவளுக்கு விளங்கவில்லை. போய் நித்திரை கொள்ள நேரமுமில்லை.

வைகாசியில் ஒரு நாள் சந்தியோகு வந்தார். ஜெனிஸ்ரனோடு ஒரே படகில் சுழியோடுகிறவர். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு பையில் கணவாய் கொண்டுவந்து தனுசியாவிடம் கொடுத்துவிட்டு, அறை வாசலில் குந்தி, இரகசியம் சொல்கிற குரலில் சத்தமாகக் கதைத்தார்.

“எப்பிடியடா? சீவன் கிடக்கோ?”

“கிடக்கு, அண்ணை.” சுவர்ப்பக்கமிருந்து சொன்னான்.

“நாளைக்கு வருவாய்தானே? நீயில்லாட்டிச் சம்மாட்டி எங்களைப் பேயன்களைப் பாக்கிற மாதிரிப் பாக்கிறான்.” பிறகு தனுசியாவைப் பார்த்துச் சொன்னார். “தங்கச்சி, உவன் மனிசனில்லை, மீன். நாங்கள் ரண்டு சிலிண்டர் முடிச்சுப்போட்டு மேலை வந்து இளைச்சுக்கொண்டு கிடப்பம். உவன் ஒண்டோடை கீழை நிப்பான். மேலை வந்து பாத்தால் அதிலையும் மிச்சக் காத்துக் கிடக்கும்.”

“அதெப்பிடி?”

“மூச்சு விடமாட்டான். ஒரு இழுவை இழுத்துப்போட்டுப் பிடிச்சு வைச்சிருப்பான். நானெண்டால் செத்துப்போடுவன். போன வருஷம் சிலிண்டருக்குக் காத்தடிக்கிற காசை எங்கடை பங்கிலை கழிக்கிறது எண்டு வந்ததிலையிருந்து எல்லாரும்தான் பிடிச்சுப் பாத்தம். ஒருத்தருக்கும் ஏலேல்லை. உவனுக்குத்தான் சரிவந்தது. உது ஒரு வரம்.”

கட்டிலில் ஜெனிஸ்ரன் கொஞ்சம் அசைந்தான். துணிக்கட்டுக்குக் கீழே அவன் முகத்தில் ஏதோ இலேசாக விரிந்தது. வலிக்குள்ளும் அவனுக்கு அது இனித்தது என்பதை அவள் கண்டாள்.

“போன வருஷம் எப்ப, அண்ணை?”

“ஆடி கழிய. ஆவணி இருக்கும்.”

தனுசியா கணவாய்ப் பையைக் கீழே வைத்தாள்.

“பெரிய கிழமை நீங்கள் ஒருத்தரும் கடலுக்குப் போகேல்லை.”

“கர்த்தர் பாடுபடேக்கை ஆர் பிள்ளை போறது? என்ன கதை இது?”

“அந்தக் கிழமை இவருக்கு இடிக்கேல்லை.”

“அது அந்தோனியார்…” என்று தொடங்கிய சந்தியோகு நிறுத்தினார்.

“கார்த்திகை மழைக்கும் போகேல்லை.”

“மழைக்கு ஆர் போறது” என்றார். குரல் தணிந்துவிட்டது. கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளையும் தனுசியா யோசித்தாள். ஞாயிறு அவனுக்குச் சனியின் வலியிலேயே பாதி போய்விடும். மிச்சத்தில் பூசை, நித்திரை. ஒரு நாளை வைத்து யார் கண்டுபிடிப்பது?

“உந்தக் கதையை இப்ப விடு” என்றான் ஜெனிஸ்ரன் சுவரிடம்.

அடுத்த கிளினிக் நாளில் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். வயது குறைவு. தனுசியா அவன் வாய் திறக்கமுதல் சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. சிலிண்டரில் தொடங்கி, பெரிய கிழமைக்குப் போய், கண்ணாடிக்கு வந்து, மறுபடி சிலிண்டருக்குப் போனாள். டொக்டர் பேனையை வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

“நீங்கள் சுழியோடியோ?”

“ஓம்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“தொழில் என்னவெண்டு கேட்டவை. கடல்தொழில் எண்டனான்.”

“கொப்பியிலை பாத்திட்டு நான் மீன்பிடியெண்டு நினைச்சன்.” டொக்டர் தன் நெற்றியைத் தேய்த்தார். அவரும் களைத்திருந்தார். வெளியே வாங்குகள் நிரம்பியிருந்தன. “தண்ணிக்குக் கீழை மூச்சைப் பிடிச்சு வைச்சால் கெட்ட காத்து உள்ளுக்கை தேங்கும். தலைக்குள்ளை ரத்தக் குழாயெல்லாம் விரியும். அதுக்கு இடிக்கும். நல்லா இடிக்கும். தலையிடிக்குப் பனடோல் எத்தினை போடுறனீங்கள்?”

“இறங்க முதல் ரண்டு. வந்து ரண்டு. பிறகும் போடுவன்.”

“தினமுமோ? அதுவும் தன்ரை பாட்டிலை தலையிடி தரும்.”

“அப்ப இதுதானோ?” என்றாள் தனுசியா.

“இதாத்தான் இருக்கோணும். ஆனால் முழுக்க இதுதான் எண்டு நான் இப்ப அடிச்சுச் சொல்லமாட்டன். ஒரு மாசம் இறங்காமல் இருந்து பாருங்கோ.”

“ஒரு மாசமோ?” அவன் முதன்முறையாக நிமிர்ந்தான்.

“இறங்கித்தான் ஆகோணுமெண்டால் ஒழுங்கா மூச்சு விடுங்கோ. இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. காத்தை மிச்சம் பிடியாதேங்கோ. மூச்சைப் பிடிச்சபடி மேலை வந்தால் சுவாசப்பை கிழியும். அது தலையிடியோடை நிக்காது, அண்ணை.”

வெளியே வந்தார்கள். பதில் கிடைத்தால் நெஞ்சு இலேசாகும் என்று தனுசியா இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். கால்கள் நோகின்றன என்பதுதான் தெரிந்தது. பஸ் நிலையத்தில் ஒரு நிழல் பார்த்து நின்றார்கள்.

“ஒழுங்கா மூச்சு விடட்டாம்” என்றான். “அதைச் சொல்லவோ படிச்சவ?”

“விடுங்கோவன்.”

“விட்டால் எனக்கும் ரண்டு சிலிண்டர் வேணும்.”

“எடுங்கோவன்.”

“அப்ப சந்தியோகண்ணையும் நானும் ஒண்டு.”

“சந்தியோகண்ணைக்குத் தலையிடி இல்லை.”

 குருநகர்ப் பக்கம் போகிற பஸ் வந்தது. இருக்கை ஒன்றுதான் இருந்தது. அவன் அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்சத் தூரம் போனபின் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்.

“சம்மாட்டி என்னைத்தான் முதல் கூப்பிடுறவன். ஏனெண்டு உனக்குத் தெரியும். இந்தக் கரையிலை எனக்கு வேறை ஒண்டும் தெரியாது, வேறை ஒண்டிலையும் நான் முதல் ஆளில்லை.”

“தெரியும்.”

“அப்ப?”

“நான் என்னத்தைச் சொல்ல, என்னப்பா? இவ்வளவு நாளும் என்னவெண்டு தெரியாமல் கட்டினன். இனித் தெரிஞ்சுகொண்டு கட்டமாட்டன். துணியை நீங்களே கட்டுங்கோ.”

அவள் அதைக் கோபமில்லாமல் சொன்னாள். கோபப்படுவதற்கு வேண்டியது அவளிடம் அப்போது இருக்கவில்லை. அவன் நிமிர்ந்து வெளியே பார்த்தான்.

“பாப்பம்” என்றான்.

அடுத்த நாள் புதன்கிழமை. விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு ஜெனிஸ்ரன் கடலுக்குப் போனான். தனுசியா மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கொம்பனிக்குப் போனாள். நண்டு குறைவாக வந்திருந்தது. மத்தியானத்தோடு விட்டார்கள். சந்தைக்குப் போய்ப் பூசணிக்காய் ஒரு துண்டும் பச்சை மிளகாயும் வாங்கினாள். வீட்டில் லூர்த்தம்மா முற்றம் கூட்டியிருந்தாள். படகு வழக்கத்தைவிட முந்தி வந்தது. ஜெனிஸ்ரன் இரண்டாவது சிலிண்டர் எடுத்தான் என்றும், அதற்குச் சம்மாட்டி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தது மட்டுந்தான் என்றும் சந்தியோகு வேலிக்கு அப்பால் நின்று சொல்லிவிட்டுப் போனார். அட்டை மற்றவர்களுக்கு வந்த அளவுதான் அவனுக்கும். குளித்தான். சாப்பிட்டான். இடிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் இருக்கிறதென்று அவனே சொன்னான். பிறகு துணியை எடுக்காமல் அறைக்குள் போய்ப் படுத்தான். மகள் குசினி வாசலில் இருந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஆறு மணிக்கு மழை தூறியது. தனுசியா கொடியிலிருந்த உடுப்புகளை எடுத்து உள்ளே போட்டாள்.